நல்லாயிருக்குன்னு சொல்லாத வாய்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதை நானே ஒத்துக்கறேன். ஆனா ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருப்பேன். நல்லது நடந்தா வெளியில மூச்சு விட மாட்டேன். சான்டா கிளாராவுல வீடு வாங்கினப்ப, "ஏதோ ஒழுகாத கூரைங்க, அவ்வளவுதான்"னேன். கிரீன் கார்டு வந்தப்ப ஆறு மாசம் யார்கிட்டயும் சொல்லலை. ஊர்க்கண்ணு பொல்லாதது. அது ஈரோட்டுல இருந்து இங்க வர விசா எல்லாம் கேக்காது.

எங்களுக்கு ஒரே பொண்ணு. பத்து வயசுல ஸ்கூல் சினேகிதி வீட்டாரோட டாஹோ மலைக்குப் போய் பனிச்சறுக்கு கத்துக்கிட்டா. பதினாறு வயசுல ரேஸ் டீம்ல இருந்தா. சரிவு முழுக்கக் கம்பு நட்டு வச்சிருப்பாங்க. ஒவ்வொரு கம்பையும் வளைச்சு வளைச்சு யார் சீக்கிரம் கீழ வந்து சேர்றாங்களோ அவங்கதான் ஜெயிச்சவங்க. குளிர்காலம் பூரா எங்க சனி ஞாயிறு அங்கதான் போகும். நான் வண்டியில ஹீட்டரைப் போட்டுக்கிட்டு, மடியில எலுமிச்சை சாதத்தை வச்சுக்கிட்டு, இதெல்லாம் ஒரு விளையாட்டான்னு திட்டிட்டு உக்காந்திருப்பேன். ரேஸ் முடிஞ்சதும் மூச்சு வாங்க ஓடி வந்து கண்ணாடியைத் தட்டுவா. அந்த முகத்தை வேற எங்கயும் நான் பாத்ததில்லை.

தொண்ணூத்தேழு பிப்ரவரியில மில்பிடாஸ்ல ஒரு வீட்டு விருந்து. அங்க ஒரு அம்மா எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "உங்க பொண்ணு பனியில பறக்குதாமே"ன்னாங்க. எனக்கு அப்பவே பகீர்னுச்சு. அடுத்த வாரமே ரேஸ்ல முட்டி திருகி விழுந்தா. உள்ள இருக்கற நார் அறுந்துபோச்சு. ஆபரேஷன்தான்னு சொல்லிட்டாங்க.

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தன்னைக்கு உப்பு மிளகாய் சுத்தி அடுப்புல போட்டேன். புகை அலாரம் கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துட்டார். கறி தீஞ்சுபோச்சுன்னு சொல்லி என் வீட்டுக்காரர் அவரை அனுப்பி வச்சார். இவ சோபாவுல படுத்துக்கிட்டு வயிறு வலிக்கச் சிரிச்சா.

ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சிருந்துச்சு. இவ மயக்கத்துல இருக்கறப்பவே டாக்டர் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணினா அடுத்த பனிக்கு ரேஸ் ஓடலாம்"னார். வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. இவ கண்ணு முழிச்சதும் நாங்கதான் அதை இவகிட்ட சொன்னோம்.

ஆனா மத்தவங்ககிட்ட சொல்ல முடியுமா? அமெரிக்காவோட மறுகோடி, பார்சிப்பனியில இருந்து நாத்தனார் போன் பண்ணினாங்க. "எங்கீங்க அண்ணி, டாக்டரே கையை விரிச்சுட்டாரு. இனி அவ நடந்தாலே போதும்னு இருக்கறோம்"னேன். குரலைக்கூட கொஞ்சம் உடைச்சுக்கிட்டேன். ஈரோட்டுக்கும் அதேதான், மில்பிடாஸ்காரங்களுக்கும் அதேதான். இவ சோபாவுல முட்டி மேல ஐஸ் பையை வச்சுக்கிட்டு டிவி பாத்துட்டு இருப்பா.

ஒன்பது மாசம் ஒரு நாள் தவறாம எக்சர்சைஸ் பண்ணினா. முனகலை, எப்ப ரேஸ்னு ஒரு தடவைகூட கேக்கலை. பொண்ணுக்கு எவ்வளவு பொறுப்பு வந்துடுச்சுன்னு நாங்க பூரிச்சுப் போனோம்.

டிசம்பர்ல கோச் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் லீவு போட்டுட்டுப் புதுக் கையுறை வாங்கிட்டு வந்தார். கோச் சாதுவான சரிவுல எட்டே எட்டுக் கம்பு நட்டிருந்தார். அன்னைக்குத்தான் முதல்தடவையா நான் வண்டியை விட்டு இறங்கி நின்னு பாத்தேன். ரெண்டு கம்பு அழகா வளைஞ்சு வந்தா. மூணாவதுகிட்ட நிமிர்ந்தா. ஓரமா ஒதுங்கி நின்னா. சறுக்குக் கட்டையைக் கழட்டித் தோள்ல வச்சுக்கிட்டு நடந்தே இறங்கி வந்தா. கோச் முட்டியை மடக்கி நீட்டிப் பாத்துட்டு, கால் நல்லாத்தானே இருக்குன்னார்.

திரும்பி வர்றப்ப நான் பின்சீட்ல அவ பக்கத்துல உக்காந்தேன். "வலிக்குதா சாமி?"ன்னேன். இல்லைன்னு தலையை ஆட்டினா. அப்புறம் இங்கிலீஷ்ல மெதுவா சொன்னா.

"இனிமே நடிக்க வேண்டாம்மா. எனக்கு அப்பவே தெரியும். நீங்க அத்தைகிட்ட சொன்னதைக் கேட்டேன். என் மனசு நோகக்கூடாதுன்னு நீங்க ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சுப் பேசினீங்க. அதனால நானும் எக்சர்சைஸ் பண்ணினேன். இன்னைக்கு அப்பா லீவு போட்டுட்டாரேன்னுதான் வந்தேன்."

அவளுக்குத் தமிழ் நல்லாப் புரியும், எனக்கு அது தெரியாமலா? ஆனா அம்மா எதுக்கு இப்படி மாத்திப் பேசறாங்கறதும் புரியும்னு நினைச்சுட்டேன். எனக்கு அதை யாரும் உக்கார வச்சு சொல்லிக் குடுத்ததில்லை. ஊர்ல நாலு பேர் பேசறதைக் கேட்டு நானாத் தெரிஞ்சுக்கிட்டேன். இவ அதை யார்கிட்ட கேட்டிருப்பா?

கண்ணு படறதைப் பத்தி என் ஓட்டை இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமா இருந்துச்சு. என் வீட்டுக்காரர் வண்டியை ஓரமா நிறுத்திட்டு, டாக்டர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னார்.

"அப்ப நிஜமாவே எனக்கு ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்டா.

"ஒண்ணுமே இல்ல சாமி."

சந்தோஷப்படுவான்னு நினைச்சேன். ஆபரேஷன் அன்னைக்குக்கூட அழாதவ வீடு வர்ற வரைக்கும் அழுதா.

டாக்டரே அவகிட்ட நேர்ல சொன்னார். அதுக்கப்புறம் மூணு தடவை மலைக்குப் போனா. முட்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா ஒவ்வொரு தடவையும் பாதியிலயே நின்னுட்டா. கடைசித் தடவை பூட்ஸைக் கழட்டிக்கிட்டே சொன்னா, "கோபம் எல்லாம் இல்லம்மா. போன மே மாசமே இதுக்காக அழுது முடிச்சுட்டேன். இப்ப மறுபடியும் எப்படி ஆசைப்படறதுன்னு தெரியலை."

அந்த மே மாசத்தை எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன். எந்த நாள் அழுதா, எந்த ரூம்ல உக்காந்து அழுதா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. நான் வீட்டுலதான் இருந்திருப்பேன்.