ஒரே ஒரு திருட்டுப் பிரதியில் அக்காவின் குரல்

நினைவுத் திருப்பலி முடிந்து நடக்கும் கூட்டத்தில், அக்கா பாடிய சினிமாப் பாட்டை ஏன் போடவில்லை என்று உங்களில் பலர் கேட்பீர்கள். தங்கையாகிய நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அக்கா ஆவடியில் பிறந்தார். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்து வாடகை வீட்டில் வளர்ந்தார். அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதும் அக்காதான் டியூஷன் எடுத்து என்னைப் படிக்க வைத்தார். கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்த அண்ணன் ஒருவர்தான் அவரை வடபழனி ஸ்டுடியோ ஒன்றுக்கு டிராக் பாட அழைத்துப் போனார். பெரிய பாடகி வரும்வரை மெட்டைப் பிடித்துவைக்க வேறொருவரைப் பாடச் சொல்வார்கள், அதுதான் டிராக். பெரிய பாடகி அதைக் கேட்டுப் பாடியதும் டிராக் குரலை எடுத்துவிடுவார்கள். அக்கா நிறையப் பாடினார். எல்லாம் போயின, ஒன்றைத் தவிர.

ஒரு படப் பாட்டு வெளியீட்டுக்கு முன்பே இணையத்தில் கசிந்தது. கசியவிட்டவர்கள் அவசரத்தில் தப்பான பிரதியை எடுத்துவிட்டார்கள். அதில் இருந்தது அக்காவின் குரல்.

ஊரே ஓசியில் கேட்டுவிட்ட பாட்டை யாருக்கு விற்பது என்று ஆடியோ கம்பெனி கொதித்தது. அந்தப் படத்தின் இசையமைப்பாளருடைய அடுத்த படப் பாடல்களை வாங்க மறுத்தது. அவர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"உன்மேல சந்தேகம் இல்லம்மா. ஆனா அன்னைக்கு ஸ்டுடியோல இருந்த யாரையும் கூப்பிட வேணாம்ங்கறாங்க."

"சரி சார்" என்றார் அக்கா. பிறகு யாருமே கூப்பிடவில்லை.

பூந்தமல்லி ஷேர் ஆட்டோக்களில் அப்போது அந்தப் பாட்டுதான். ஒருநாள் நாங்கள் இருவரும் போகையில் டிரைவர் பெருமையாகத் திரும்பினார்.

"இது சீடில வர்ற பாட்டு இல்ல, தெரியுமா? அதுல வேற ஒரு அம்மா பாடிக்கீது. இந்தப் பொண்ணு குரல்தான் சோக்கா கீது."

"கொஞ்சம் சவுண்டக் கொறைங்கண்ணா. தலை வலிக்குது" என்றார் அக்கா.

"இன்னாமா, பாட்டே புடிக்காதா ஒனக்கு?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இறங்கியதும், சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா? நீதான் எடுத்துக் குடுத்தியான்னு கேப்பாங்க. நம்ம வீட்டு போன் எதுலயும் அது இருக்கக் கூடாது. புரியுதாடி?"

இருக்கவில்லை. ஊரெல்லாம் ஓடிய குரல் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அக்கா ஐயப்பன்தாங்கலில் ஒரு பள்ளியில் ஆசிரியரானார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பாடினார், பத்துப் பேர் குரலோடு குரலாக. சென்ற ஆண்டு காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை.

அதன்பின் நண்பர் ஒருவரின் பழைய பென்டிரைவில் அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்தேன். தூரத்து உறவினர்களும் கேட்கட்டும் என்று, அக்காவின் படம் வைத்து இணையத்தில் ஏற்றினேன். உடனே முடக்கிவிட்டார்கள். பாட்டு கம்பெனிக்குச் சொந்தம். நியாயம்தான், காசு போட்டு வாங்கியவர்கள். ஆனால் குரல்? மெயில் அனுப்பிக் கேட்டேன். அந்தப் பெயரில் பாடகி யாரும் தங்களிடம் பாடவில்லை என்று பதில் வந்தது.

கூட்டத்திலாவது போடுவோம் என்றேன். அப்பா சம்மதிக்கவில்லை.

"வீட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்னு சொன்னவம்மா அவ. இப்ப கேக்க ஆள் இல்லைன்னு நாம போடலாமா?"

அதனால் போடவில்லை. வேலைக்குப் போகும் பேருந்தில் நான் மட்டும் இயர்போனில் கேட்கிறேன். சரணம் தொடங்குமுன் அக்கா மூச்சு இழுப்பது கேட்கும். பக்கத்து இருக்கையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?

மருத்துவமனையில் எங்களோடு முறைவைத்து இருந்த அக்காவின் சக ஆசிரியர்களுக்கும், இறுதிப் பயணத்தில் பாடிய பாடகர் குழுவுக்கும், பங்கு மக்களுக்கும், உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். ஸ்டுடியோவிலிருந்து அந்தப் பிரதியை எடுத்தவர். யாரென்று தெரியாது. அக்காவின் பாட்டு நின்றுபோனது அவரால். அக்காவின் குரல் எனக்கு மிஞ்சியதும் அவரால். அவருக்கு நன்றி சொல்ல அக்கா விடமாட்டார். சொல்லாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.