தலைகீழ்ப் புத்தகம்

நான் கற்பிக்கும் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தை ஒரே குரலில் பாடினார்கள். ஒரு சிறுமியின் புத்தகம் தலைகீழாக இருந்தது. ஆனாலும் ஒரு சொல் பிசகவில்லை.

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில், சிறுவயதில் நானும் அப்படித்தான் வாசித்தேன். வவுனியாவிலிருந்து மாமாவின் கடிதம் வந்தபோது, கொழுந்துக் கறை படிந்த விரல்களால் அம்மா அதை என்னிடம் நீட்டினார்.

"வாசி புள்ள."

எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. மனப்பாடமான பாடத்தையே ஒப்பித்தேன்: "ஆடு வந்தது. புல் தின்றது."

"தம்பி ஆடு வாங்கிட்டானா!" அம்மா லயம் முழுக்கச் சொல்லிவந்தார்.

நோயில் கிடப்பதாகவும், உடனே வரும்படியும் மாமா எழுதியிருந்தார். அவருடைய சாவுச் செய்தி வந்து, வேறொருவர் கடிதத்தை வாசித்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது அந்தச் சிறுமியின் புத்தகத்தை நிமிர்த்தினேன். பாடத்துக்கு மேலிருந்த படத்தை உள்ளங்கையால் மூடி, அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தில் வைத்தேன்.

"பாட வேணாம் மகள். இந்த எழுத்து என்னா சத்தம், சொல்லுங்க."

மணி அடித்தது. அவள் வாசலைப் பார்த்தாள். நான் விரலை விடவில்லை.