சுலோச்சனா பார்த்த இரண்டு ஊர் வானிலை

தம்பி கலியாணம் செய்யப்போகிறான் என்றால் ஆட்கள் பெண்ணின் ஊரையும் குடும்பத்தையும் விசாரிப்பார்கள். சுலோச்சனா விசாரித்தது அந்த ஊர்ப் புயலை.

தம்பி அருள்நேசனுக்கு நாற்பத்தேழு வயது. லண்டன் டூட்டிங்கில், கட்டடத்தின் கூரைக்கு நேர் கீழே உள்ள ஃபிளாட்டில், அக்காவும் தம்பியுமாக நெடுங்காலம் இருந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போரால் அகதிகளாக வந்த புதிதில் அவன் படிக்கவென்று அவள் கடைகளில் நின்றாள். பிறகு மோர்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், தம்பிக்கு முதலில் ஒரு வழி பிறக்கட்டும் என்று சொல்லி அனுப்பினாள். இப்போது தம்பிக்கு வழி பிறந்திருந்தது, ஆனால் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில். உறவுக்காரர் கலியாணம் ஒன்றில் பழக்கமான ஜெனோஜாதான் பெண்; கணவனை இழந்தவள். படுக்கையில் கிடக்கும் தாயை விட்டு அவளால் லண்டனுக்கு வர முடியாது. இவன்தான் போகவேண்டும்.

போகாதே என்று சுலோச்சனா ஒருநாளும் சொல்லவில்லை. வானிலை மட்டும் சொன்னாள்.

"நேசன், அங்க ஆலங்கட்டி மழையாம். ஒவ்வொண்டும் தேசிக்காய் அளவு."

"ஓம் அக்கா."

"கார்க் கண்ணாடியெல்லாம் நொறுங்குமாம். அது விட்டால் வெள்ளம். வெள்ளம் வத்தினால் காட்டுத்தீ. இஞ்ச என்ன இருக்கு? ஒரு தூறல். அதுக்குப் பயந்து ஆரும் செத்ததே?"

"எங்கட ஊரிலயும் புயல் வந்ததுதானே?"

"அதுதானே சொல்லுறன். அதுக்குத் தப்பித்தானே இஞ்ச வந்தனாங்கள்."

"என்னக்கா, நாங்கள் புயலுக்குத் தப்பியே வந்தனாங்கள்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆனாலும் மறுநாள் காலை தேநீரோடு அடுத்த செய்தி வந்தது. அங்கே ஒருவருடைய கூரை பறந்து பக்கத்து வளவில் விழுந்ததாம்.

ஜூலையில் லண்டனில் வெயில் ஏறியது. வெளியே போகவேண்டாம், தண்ணீர் குடியுங்கள் என்று டிவியில் சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. "யாழ்ப்பாணத்தில பிறந்தவளுக்கு இவங்கள் வெயில் காட்டுறாங்கள்!" ஊரில் காற்று வரும் என்று இங்கேயும் காலையிலேயே ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டாள். காற்று வரவில்லை, அனல்தான் வந்து நிறைந்தது. பகல் முழுதும் வாங்கிய சூட்டைக் கூரை உள்ளேயே இறக்கியது. பள்ளிச் சமையலறையில் வெந்து வந்தவள், இருந்த சோற்றுக்கு ஒரு பொரியல் வேண்டுமென்று அடுப்பைப் பற்றவைத்தாள். அருள்நேசன் வேலையால் வந்தபோது அவள் அடுப்படியில் விழுந்து கிடந்தாள். நல்லகாலம், எரிந்த அடுப்பில் படாமல் பின்புறமாக விழுந்திருந்தாள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவன் சொன்னான்: "நான் போகேல்லை அக்கா. ஜெனோஜாவுக்கும் சொல்லிப்போட்டன்."

அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அதை மறைக்க, தலையிடி என்று சொல்லித் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனபின் ஜெனோஜா அழைத்தாள். "அக்கா, சுகமா இருக்கிறியளோ? அவர் உங்களோடயே நிக்கட்டும். நான் ஒண்டும் நினைக்கேல்லை."

அந்தக் குரலில் நடிப்பு இல்லை. பழக்கத்தில் சுலோச்சனா கேட்டாள்: "அங்க மழை வெள்ளம் எப்பிடிப் பிள்ளை? உண்மையைச் சொல்லும்."

"பயம்தான் அக்கா. அவரிட்டை ஒண்டுமில்லையெண்டு சொல்லி வைச்சிருக்கிறன். போன வெள்ளத்துக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்திட்டுது. அம்மாவைத் தூக்கிறதோ பிரிட்ஜைத் தூக்கிறதோ எண்டு நிண்டன்."

"பிறகு?"

"அம்மாவைத்தான் தூக்கினன். பிரிட்ஜ் மிதந்து திரிஞ்சுது."

ஜெனோஜா சிரித்தாள். சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதம் அந்த ஊரின் மழை, காற்று, நெருப்பு எல்லாம் பார்த்தவள், அதற்குள் தனியே நின்ற ஒருத்தியைப் பார்க்கவில்லை.

பின்னேரம் அருள்நேசன் ஒரு ஃபானை வாங்கிக்கொண்டு வந்தான். அதை அவன் பூட்டி முடித்ததும் அவள் சொன்னாள்:

"டேய், எனக்கு இந்த வெயில் ஏலாது. ஒத்துக்கொள்ளுறன். என்னோட வேலை செய்யிற தவமலரிட்டைக் கதைச்சிட்டன். மோர்டனில அவையின்ர கீழ் அறை சும்மா கிடக்கு. மரநிழல், குளிர்ச்சி. நான் அங்க போறன். நீ பிரிஸ்பேனுக்குப் போ."

"என்னக்கா, துரத்துறியளோ?"

"ஓம். அங்க வெள்ளம் வரும். அந்தப் பிள்ளை தனிய எத்தினையைத் தூக்கும்?"

"வெள்ளம் வருமெண்டு சொல்லித்தானே இவ்வளவு நாளும் போகாதையெண்டு..."

"போகாதையெண்டு நான் எப்ப சொன்னனான்?"

அவன் அக்காவின் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தான். பிறகு டிக்கெட் பார்க்கப் போனை எடுத்தான்.

"அங்க மழை எப்ப தொடங்குமாம்?" என்று கேட்டாள்.

"கார்த்திகை, மார்கழியில."

"அப்ப ஐப்பசியில போனால் காணும்," என்றாள். "இப்பவே ஓடவேண்டாம்."