மேட்டுப் பாதையில் பெரட்டு

எனக்கு வாய் நீளம். கோபம் அதைவிட நீளம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணிக்கும் எனக்கும் அதனாலேயே ஆகாது. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். அவர் ஒரு பேரை ஒரு தடவைதான் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. எத்தனையோ நாள் கூடையும் கையுமாக வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். இவரெல்லாம் ஒரு மனுஷனா என்று, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி திட்டியும் இருக்கிறேன்.

எங்கள் லயத்துக்குக் குடிதண்ணீர் மேலே காட்டோடையிலிருந்து குழாயில் வருகிறது. அந்த ஓடைக்கு மேலே இருந்த காட்டை, காய்கறித் தோட்டம் போடுவதற்காக யாரோ வெட்டத் தொடங்கினார்கள். ஒரு மழை பெய்ததுமே குழாயில் பால் ஊற்றிய தேத்தண்ணி மாதிரி சேறு வந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. அதிகாரிகளிடம் மனு எழுதிக் கொடுத்தோம், பார்க்கிறோம் என்றார்கள். கீழே லெம்பா பெர்த்தாம் ஊரில் வெள்ளம் வந்தபோது வீடுகளுக்குள் சேறு புகுந்ததை நேரில் பார்த்தவள் நான். இனி மனு எதற்கு, தினமும் காட்டுக்கு ஏறும் அந்த மண் தோண்டும் இயந்திரத்தின் கண்ணாடியை உடைத்தால்தான் புத்தி வரும் என்றேன்.

கங்காணி என் பக்கம் திரும்பாமலே மற்றவர்களிடம் சொன்னார்: "கல்லு எடுத்தா போலீஸ் நம்மளத்தான் புடிக்கும்லா. நாளைக்குப் பெரட்டு மேட்டுப் பாதையில. கூடையோட வாங்க, வரிசையா நில்லுங்க. அது போதும்."

அது போதுமாம்! எனக்குச் சிரிப்புதான் வந்தது. மறுநாள் விடிந்ததும் மழைக்கோட்டுப் பையில் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு தேயிலைச் சரிவு வழியாகத் தனியாக ஏறினேன். பக்கவாட்டிலிருந்து வீசிவிட்டு ஓடிவிடுவதாகத் திட்டம்.

எனக்குக் கீழே, லயத்தை ஒட்டிக் காட்டுக்கு ஏறும் மேட்டுப் பாதையை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். இயந்திரம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கங்காணி அதற்கு முதுகைக் காட்டியபடி நிதானமாகப் பேர் கூப்பிட்டார். அவசரத்தில் பழைய புத்தகத்தைத் தூக்கி வந்துவிட்டார் போல. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் பேரெல்லாம் வந்தது. பெருசுகளுக்குப் பழக்கம் விடுமா? "இருக்கேன்! இருக்கேன்!" என்று கத்திக்கொண்டு, ஒருவர் பல்செட் இல்லாமல், ஒருவர் இடுப்பில் நழுவும் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு, மேடேறி வந்து வரிசையில் நின்றார்கள். இயந்திரத்தை ஓட்டியவர் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அப்போது என் பேர் வந்தது. கல் என் கையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பேருக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார். பிறகு, புத்தகத்தில் விரலை வைத்தபடி, "அந்தப் பொண்ணு வரட்டும். வந்தாத்தான் அடுத்த பேரு" என்றார்.

மழை தூற ஆரம்பித்தது. ஒருவரும் நகரவில்லை. என் ஒருத்திக்காக அத்தனை பேரும் நனைந்துகொண்டு நின்றார்கள். கல்லைச் செடிக்கடியில் போட்டுவிட்டு, "இருக்கேன்!" என்று கத்திக்கொண்டே சறுக்கி இறங்கினேன்.

அதன்பிறகு பல காலை அங்கேதான் பெரட்டு. மேனேஜர் கூப்பிட்டு வேலை போய்விடும் என்று மிரட்டியும், கங்காணி மறுநாள் புத்தகத்தோடு வந்து நின்றார். கடைசியில் அதிகாரிகள் வந்து அளந்து பார்த்து, காடு வெட்டுவதை நிறுத்தினார்கள். நான் மட்டும் அந்தக் கல்லை வீசியிருந்தால் அன்றைக்கே எல்லாம் கெட்டிருக்கும். என்னை அதிலிருந்து காப்பாற்றியவர் அவர்தான். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்லி முடியாது.

இன்று காலையும் எனக்கு நேரமாகிவிட்டது. ஒரு தடவை கூப்பிட்டார், அடுத்த பேருக்குப் போய்விட்டார். கூடையோடு வீட்டுக்குத் திரும்பிக் குழாயைத் திறந்தேன். தெளிந்த தண்ணீர். ஒரு குவளை பிடித்து முழுக்கக் குடித்தேன். அவரைத் திட்ட வாய் வரவில்லை.