தெல்ஃபிமுக்கு ஒரு கண்ணாடிக் கதவு

தியோலிந்தா என் பட்டறைக்கு வந்தபோது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு முப்பத்தொன்று. கடைகளுக்குக் கண்ணாடியில் பெயர்ப் பலகை செய்வது என் பிழைப்பு. சொல்லிக்கொடுப்பது என் வேலையில்லை, அதற்கான பொறுமையும் எனக்குக் கிடையாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

அவளுடைய ஒரே மகன் தெல்ஃபிம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்தவன். அவனைப் புதைத்த அன்று அவள் வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு பிடி மண் போடக் கொடுத்துவைக்கவில்லை. போர்ச்சுகலில் எங்கள் போர்ட்டோ நகரத்தில் சொந்தக் கல்லறை இல்லாதவர்களுக்குத் தவணைக் குழிதான். மூன்று வருடம் கழித்துத் தோண்டி, எலும்பைக் கழுவி, சுவரில் இருக்கும் சின்ன மாடத்தில் வைத்துவிடுவார்கள். அந்த மாடத்துக் கண்ணாடிக் கதவில் மகன் பெயர் தங்கத்தில் இருக்க வேண்டும், அதையும் தானே தன் கையால் செய்ய வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தாள். தோண்டும் நாள் ஜனவரியில். அவள் வந்தது அக்டோபர் கடைசியில்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அவள் எனக்கே பாடம் எடுப்பாள். பனியன் கம்பெனியில் சட்டமும் ரப்பர் கட்டையுமாகவே வயதானவள். ஆனால் துணியில் பிசகினால் மேலே இன்னொரு வண்ணம் போட்டுச் சமாளிக்கலாம். கண்ணாடியில் பின்பக்கம் வேலை செய்து முன்பக்கம் பார்க்கிறோம். முதலில் ஒட்டியதுதான் கண்ணுக்குத் தெரியும், பிறகு எதைப் பூசினாலும் பிசகு மறையாது. ஊதினால் பறக்கும் மெல்லிய தங்கத் தகடான ரேக்கை ஒட்டி, காய்ந்ததும் அதன் முதுகில் எழுத்தைத் திருப்பி அச்சடித்து, வெளியே மிஞ்சிய தங்கத்தை ஈரப்பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும்.

ரேக்கைக் கையால் தொட முடியாது. அகலத் தூரிகையைக் கன்னத்தில் ஒரு முறை தேய்த்தால் முகத்து எண்ணெய் அதில் ஏறும், அந்தப் பசையில் ரேக்கு தொற்றிக்கொண்டு வரும். இங்கேதான் அவள் தோற்றாள். யார் பெயருக்காக என்று நினைத்தாலே அவளுக்குக் கண் வழியும். நனைந்த தூரிகையில் ரேக்கு கசங்கிச் சுருண்டுகொள்ளும். நவம்பர் முழுக்க இதே கதை. அழுவதென்றால் வீட்டிலேயே அழுதுவிட்டு வாருங்கள் என்று வெடுக்கென்று சொன்னேன். மறுநாள் முகமெல்லாம் வீங்கி வந்தாள். சொன்னபடியே அழுதுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். தூரிகையை எடுத்ததும் மறுபடியும் கண் நிறைந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்தும் ஒரு எழுத்துகூடத் தேறவில்லை. அவள் தூரிகையை மேஜைமேல் வைத்தாள்.

"பெத்தவளுக்கு இதுகூடக் கையில வரலியே இல்தா. நான் எதுக்கு இருக்கேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேலா, கடவுள்மேலா என்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் போய் முகத்தை நீட்டினேன்.

"என் கன்னத்துல தேய்ங்கக்கா. மத்தியானம் பன்னிக்கறி வறுத்துத் தின்னிருக்கேன், எண்ணெய்க்குப் பஞ்சமில்ல."

தேய்த்தாள். கண் வழிந்துகொண்டேதான் இருந்தது. ரேக்கு மட்டும் கசங்காமல் போய்க் கண்ணாடியில் படிந்தது. ஒவ்வொரு ரேக்குக்கும் நான் குனிந்து கன்னம் காட்டினேன். அச்சடித்து, துடைத்து, கண்ணாடியைத் திருப்பியபோது தெல்ஃபிம் என்ற பெயருக்குள் அவள் முகம் தெரிந்தது.

தோண்டும் நாளில் மழை. கண்ணாடியைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நானும் கூட இருந்தேன். குழிவெட்டிகளின் மேஸ்திரி அபீலியு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஆட்களை நிறுத்தச் சொன்னார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"இன்னும் ஆகலம்மா. ஈர மண்ணு, உடம்பு அப்படியே இருக்கு. மூடிடறோம். ரெண்டு வருஷம் கழிச்சுப் பாப்போம்."

சில குழிகளில் இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்ல மனம் வந்ததில்லை. விழுந்துவிடுவாளோ என்று தோளைப் பிடித்தேன். அவள் விழவில்லை.

"அவன் எப்பவும் இப்படித்தான். ஒரு தடவை கூப்ட்டா எந்திரிக்கவே மாட்டான்" என்றாள்.

ஆட்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். அவர்களை நிற்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியை என்னிடம் கொடுத்தாள். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழிக்குள் போட்டாள். பிறகு அந்தக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.