லாரியைத் திருப்பி அனுப்புகிறவன்

வேண்டாம் என்று சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கும் தொழில்கள் உலகத்தில் சில உண்டு. அதில் ஒன்றில் நான் இருக்கிறேன். ஜெர்ஸி சிட்டியில் ஆற்றங்கரையோரம் எழும்பும் டவர்களுக்கு வந்து சேரும் கான்கிரீட்டைச் சோதிப்பது என் வேலை. ஒரு காலத்தில் கப்பல் சரக்கு இறங்கிய கரை அது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டில் நின்றால் எதிர்க்கரையில் மன்ஹாட்டன் தெரியும். இன்று அதே இடத்தில் நின்றால் நான் பாஸ் போட்ட கட்டடங்கள்தான் தெரிகின்றன. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன். சாஃப்ட்வேர் டெஸ்டர்களே, ஆடிட்டர்களே, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர்களே, இது உங்களுக்காகத்தான். நம்மை யாரும் ஆசையாகக் காபிக்குக் கூப்பிடுவதில்லை. அந்த வருத்தம் உங்களுக்குத் தெரியும்.

கூம்பு

லாரி வந்ததும் அதிலிருந்து கொஞ்சம் கான்கிரீட் எடுத்து, ஒரு இரும்புக் கூம்பில் நிரப்பிக் கவிழ்த்து, கூம்பைத் தூக்குவேன். கான்கிரீட் எவ்வளவு சரிகிறது என்று அளப்பேன். அதிகம் சரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. பிறகு சூடு பார்ப்பேன், கலவை போடும் பிளான்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று சீட்டைப் பார்ப்பேன். எல்லாம் சரியென்றால் சின்னச் சின்ன உருளைகளில் சாம்பிள் பிடித்து லேபுக்கு அனுப்புவேன். இருபத்தெட்டாம் நாள் அதை மெஷினில் வைத்து நசுக்கினால், அந்த மாடியின் பலம் தெரிந்துவிடும். சரியில்லை என்றால் லாரி வந்த வழியே போக வேண்டியதுதான்.

இதை ஒருமுறை பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் புளியோதரை வரிசையில் நிற்கும்போது ஒரு ஆன்ட்டி கேட்டார்கள் என்று விலாவாரியாகச் சொன்னேன். லாரி, சிமெண்ட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர்கள் முகம் வாடிப்போனது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னார்கள்: "கவலைப்படாதீங்க தம்பி. எங்க வீட்டுக்காரர் கம்பெனில சாஃப்ட்வேர் QA ஓப்பனிங் இருக்கு, ரெஸ்யூம் அனுப்புங்க."

லட்டு

எங்கள் ஈரோட்டுப் பக்கம் தளம் போடும் நாளில் வேலை செய்கிறவர்களுக்கு ஸ்வீட், காரம், டீ கொடுக்காத வீட்டுக்காரரை ஊரே பேசும். அந்தப் பழக்கம் ரத்தத்தில் இருக்கிறதே, என்ன செய்வது? நான் சொல்லப்போகும் டவருக்கு அஸ்திவாரக் கான்கிரீட் போட்ட முதல் நாள், விடிகாலையில் இரண்டு பெட்டி லட்டோடு போய் நின்றேன். வீடு என்னுடையதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கான்கிரீட் ஆட்களுக்கு ஃபோர்மேன் மானுவல். போர்ச்சுகலிலிருந்து வந்த குடும்பம். கழுத்து தோளைவிட அகலம். என் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் லட்டையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் தொழிலில் கான்ட்ராக்டர் ஆட்களிடம் ஒரு வாய்க் காபிகூட வாங்கக்கூடாது. வாங்கினால் வேலை போகும். கொடுக்கக்கூடாது என்று மட்டும் எந்த விதியும் இல்லை. அப்படி ஒருவன் வருவான் என்று விதி எழுதியவர்கள் நினைக்கவில்லை. மானுவல் இங்கிலீஷில் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன்: "இன்ஸ்பெக்டருக்கு லஞ்சம் குடுக்கப் பாத்தவங்க நிறைய பேரை எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டரே லஞ்சம் குடுத்து இப்பத்தான் பாக்கறேன்."

தண்ணீர் ஊற்றாத வீடு

மாமனார் ஈரோட்டில் சொந்தமாக வீடு கட்டியவர். தளம் போட்ட பிறகு மேலே மண்ணால் பாத்தி கட்டி, மூன்று வாரம் தானே ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் நிறுத்தியவர். எங்களோடு இருக்க வந்தபோது, எங்கள் வீடு இருக்கும் பிஸ்கட்டவேயிலிருந்து காரில் கூட்டிக்கொண்டு போய்ச் சாலைக்கு எதிர்ப்புறம் நிறுத்தி டவரைக் காட்டினேன். அப்போது இருபத்தாறு மாடி ஏறியிருந்தது. மாப்பிள்ளையின் பெருமை அவருக்கும் கொஞ்சம் பிடிக்கட்டுமே என்று பக்கத்துத் தெருவில் எழும்பும் இரண்டு டவர்களையும் சேர்த்தே காட்டினேன்.

அண்ணாந்து பார்த்தார். வலமும் இடமும் நடந்து பார்த்தார். ஏதோ தேடுகிறார் என்று புரிந்தது, என்ன என்று புரியவில்லை. தளம் எப்படி இறுகுகிறது என்று மட்டும் கேட்டார்; இங்கே ஈரம் போகாமல் இருக்க மேலே ஒரு மருந்து அடித்துவிடுவார்கள் என்று விளக்கினேன். நம்பவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எல்லாஞ் சரிதானுங்க மாப்ள. ஆனா தண்ணி ஊத்தறதுக்கு ஒரு ஆளைக்கூடக் காணோமுங்களே!"

அப்பா என்ன செய்கிறார்

என் மகளுக்கு எட்டு வயது. தமிழில் கேட்டால் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். அவள் தோழியைக் காரில் ஏற்றிக்கொண்டு டர்ன்பைக் நெடுஞ்சாலையில் போகும்போது தூரத்தில் டவர்கள் தெரிந்தன. "உங்க அப்பா அதெல்லாம் கட்டறாரா?" என்று தோழி கேட்டாள். நான் கண்ணாடியில் பார்த்தபடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். மகள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பதில் சொன்னாள்: "நோ, ஹி ஜஸ்ட் சேஸ் நோ."

நாற்பத்தொன்றாவது மாடி

ஒரே வட்டாரத்தில் மூன்று டவர் எழும்பினால் என்ன ஆகும்? மூன்றுக்கும் ஒரே பிளான்டிலிருந்து கான்கிரீட் வரும், ஒரே தெருவில் லாரிகள் நிற்கும். நாற்பத்தொன்றாவது மாடித் தூண்களுக்குக் கான்கிரீட் போட்ட அன்று, பக்கத்து டவருக்குக் கிரேன் பாகம் இறக்குகிறார்கள் என்று தெருவைப் பாதி மூடிவிட்டார்கள். முதலில் வந்த லாரியின் கான்கிரீட் கூம்பில் கொஞ்சம் தாராளமாகவே சரிந்தது. அளவுக்குள்தான் இருந்தது. சந்தேகத்தோடு சாம்பிள் பிடித்துவிட்டு மேலே அனுப்பினேன்.

அடுத்த லாரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தெருவில் மாட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு நேரம் சுற்றிய கான்கிரீட் இறுகியிருக்க வேண்டும். இதுவோ முதல் லாரியைவிட இளக்கமாக இருந்தது. லாரியின் பின்னால் தண்ணீர் ஹோஸின் முனை சொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர், கை கழுவினேன் என்றார். மேலே நாற்பத்தொரு மாடி உயரத்தில், குளிர்காற்றில் இருபது பேர் காத்திருந்தார்கள். இளக்கமாக ஊற்றிவிட்டுப் போய்விடலாம்; யாருக்கும் தெரியாது. அந்தத் தூணுக்கு மட்டும் தெரியும். சீட்டில் 'ரிஜெக்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கான்கிரீட் ஏன் வரவில்லை என்று பார்க்க, லாரி தெருவில் மாட்டியிருந்தபோதே கீழே இறங்கியிருந்த மானுவல் லாரியின் பின்பக்கமாகச் சுற்றி வந்தார். சீட்டைப் பார்த்தார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குக் கத்தினார். போர்ச்சுகீஸில் கத்தியது எனக்குப் புரியவில்லை. கடைசியில் இங்கிலீஷில் கத்தியது புரிந்தது: "அடுத்த லாரி வர்றதுக்குள்ள நீ வேற வேலை தேடிக்கோ!"

எதை வேண்டிக்கொள்வது

மறுநாளே கான்ட்ராக்டர் கம்பெனியிலிருந்து என் மேனேஜர் டயானுக்குப் புகார் வந்தது. இரண்டு லாரியும் ஒரே பிளான்ட், ஒரே கலவை. ஒன்றை விட்டவன் இன்னொன்றை எதற்குத் திருப்பினான், இவனை மாற்றுங்கள் என்று. டயான் நியாயமானவர். முதல் லாரியின் இருபத்தெட்டாம் நாள் ரிசல்ட் வரட்டும், அதுவரை நீ லேபில் இரு என்றார். ரிசல்ட்டுக்குப் பிறகு சைட்டுக்குத் திரும்ப விடாவிட்டால் எனக்கு வேலையும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். என் கிரீன் கார்டு இந்தக் கம்பெனி மூலமாகத்தான் அப்ளை ஆகியிருந்தது. வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்; மகளின் ஸ்கூல், வீடு, எல்லாமே அந்தக் கணக்கில் வந்து நிற்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், எந்த ரிசல்ட் வந்தால் எனக்கு நல்லது என்றே எனக்குத் தெரியவில்லை. முதல் லாரி பாஸ் ஆனால், இரண்டாவதைத் திருப்பியது வீம்பு என்று ஆகிவிடும். ஃபெயில் ஆனால், என் சந்தேகம் சரி. ஆனால் நானே உள்ளே விட்ட தூண் சொத்தை. அதற்கு மேல் இதற்குள் மூன்று மாடி ஏறியிருந்தது. சனிக்கிழமை கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், வாயில் ஒரு வேண்டுதலும் வரவில்லை. பயமாக இருந்தது. பக்கத்தில் நின்ற மனைவியிடம், எதை வேண்டிக்கொள்வது என்று கேட்டேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "வேலை போனாப் போகட்டுமுங்க. கட்டடம் நிக்கோணும்னு வேண்டிக்கங்க."

இருபத்தெட்டாம் நாள்

என் சாம்பிளை நானே நசுக்கக்கூடாது என்று விதி. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மூன்று உருளைகள். மெஷினில் எண் ஏற ஏற அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் வேண்டிய அளவைத் தாண்டி, கொஞ்சமே கொஞ்சம் மேலே போய், டப்பென்று உடைந்தது. பாஸ். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டடம் தப்பித்தது, மாட்டிக்கொண்டது நான்தான்.

மறுநாள் டயான் அறையில் கான்ட்ராக்டரின் மேனேஜரும் மானுவலும் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் ரிசல்ட் பேப்பரை என் பக்கம் தள்ளி, பார்த்தாயா என்பதுபோல் சிரித்தார். நான் அன்று பார்த்தது சொட்டிய ஹோஸை மட்டும்தான். டயான் மானுவலைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். அவர் தன் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த தன் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கத்தறது என் வேலை, கத்தினேன். ஆனா ரெண்டாவது லாரி தெருவுல நின்னப்ப டிரைவர் அதுல தண்ணி விட்டுட்டுக் குழாயை மூடறதை நான் என் கண்ணால பாத்தேன். இந்த ஆளை அங்கேயே விடுங்க."

கடைசி மாடி

திங்கட்கிழமை நான் மறுபடி கேட்டில் நின்றேன். மானுவல் அதற்குப் பிறகும் தினம் கத்தினார். நானும் இரண்டு லாரிகளைத் திருப்பி அனுப்பினேன். ஐம்பத்திரண்டாவது மாடி, அதுதான் கடைசி, அங்கே தளம் போட்டு முடித்த மத்தியானம் என்னை மேலே வரச் சொன்னார். ஆறு, துறைமுகக் கிரேன்கள், சுற்றிலும் பாதி எழும்பிய டவர்கள் எல்லாம் காலுக்குக் கீழே கிடந்தன. அங்கே நின்று பார்த்தபோது, நாற்பத்தொன்று நிற்பதால்தான் நான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மானுவல் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். நம் ஊர்க் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போய், பெயர் தெரியாமல் கையால் உருட்டிக் காட்டி வாங்கினாராம். பன்னிரண்டு லட்டு. கான்கிரீட் போடும் நாளில் கொடுக்க வேண்டும் என்று நான்தானே பழக்கிவிட்டேன்? ஒரு வாய்க் காபிகூட வாங்கக்கூடாதவன் நான். அதை எப்படிச் சொல்வது என்று தவித்தேன். இருபது பேரும் வேலையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார்கள். மானுவல் பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கேட்டார்: "என்ன, இதுவும் ரிஜெக்டா?"

பதினொன்றை ரிஜெக்ட் செய்தேன்; சாம்பிள் எடுத்துப் பார்க்காமல் எதையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பதும் எங்கள் தொழிலில் ஒரு விதிதான்.