இறக்கத் தெரியாத கேப்டன்

பதிவு அலுவலக எழுத்தர் தன்னைக் கேப்டன் என்று அழைக்கச் சொல்வார். ஒன்பதடி இறக்கை கொண்ட பெட்ரோல் பொம்மை விமானத்தை ஞாயிறுதோறும் ரிமோட்டால் பறக்கவிடுவார். ஏற்றத்தான் தெரியும். விமானம் தன்னை நோக்கித் திரும்பினால் இடம் வலம் குழம்பிவிடும். ஒவ்வொரு முறையும் இறக்கிக் கொடுப்பவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது.

அந்த ஞாயிறு தையல்காரர் வரவில்லை, அலுவலக மேலாளர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். கேப்டன் விமானத்தை வட்டமடிக்கவிட்டுக்கொண்டே இருந்தார்.

"என்ன கேப்டன், இறக்க மனசே வரலையா?" என்றார் மேலாளர்.

"பெட்ரோல் தீரப்போகுதுங்க" என்றாள் பக்கத்தில் நின்ற கேப்டனின் மனைவி.

கேப்டன் ரிமோட்டை அவள் கையில் திணித்தார். "ரொம்ப நாளா கேட்டியே, இந்தா ஓட்டு."

"நான் எப்பங்க கேட்டேன்?"

விமானம் தலைகுப்புற விழுந்து நொறுங்கியது.

"பொம்பளை கையில குடுத்தா இப்படித்தான் சார்" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கேப்டன் நிம்மதியாகக் கண்ணாடியைத் துடைத்தார்.